குதிகால் இறங்கிய இடம்

போட்டி நெருங்கிவிட்டால் நான் அவன் ஆட்டோவில் ஏற மாட்டேன். ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, வெளியே வரிசைகட்டி நிற்கும் ஷேர் ஆட்டோக்களைத் தாண்டி, வெயிலில் விடுவிடுவென்று தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு நடப்பேன். அவன் பின்னாலேயே வந்து ஹாரன் அடிப்பான். "இன்னாக்கா, நடந்தா போற? ஏறு, வெள்ளானூர்தான் போறேன்." நான் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டுவேன். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொள்வார்கள். தகராறு ஒன்றும் கிடையாது. அவன் மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறாள், நான் நடுவர். அவ்வளவுதான் விஷயம்.

என்னைவிடச் சின்னவன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். வெள்ளானூரில் பழைய விவசாயக் குடும்பம். அவன் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன, இவன் அந்த வீட்டுக்காரர்களை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகிறான். மகளுக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் கொண்டுவந்து நிறுத்தினான். "ஊட்ல கட்டில் மேலேர்ந்து குட்டிக்கரணம் அடிக்குதுக்கா. கய்த்த முறிச்சிக்கும் போல கீது. மெத்தை இருக்கற எடத்துல வுட்டா நானு நிம்மதியா வண்டி ஓட்டுவேன்" என்றான். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொன்ன காரணங்களிலேயே நேர்மையானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதே ஹாலில்தான் நானும் கற்றேன். என் அப்பா தொழிற்சாலையில் இருந்தார், இப்போது என் கணவர் இருக்கிறார், குவார்ட்டர்ஸ் மட்டும் மாறவேயில்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு தேர்வு எழுதி நடுவரானேன். வார நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. உருப்படி கேஜ் என்ற அளவுக்கருவிக்குள் போனால் சரி, போகாவிட்டால் தள்ளு. "வாரம் முழுக்க இரும்பைத் தள்ளுதா, ஞாயித்துக்கிழமை புள்ளைகளைத் தள்ளுதா" என்பார் என் கணவர். திருநெல்வேலிக்காரர். கிண்டல் பண்ணாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நடுவர்களுக்கு நீலக் கோட்டு ஒன்று உண்டு. சென்னையில், மே மாதத்தில், ஏசி இல்லாத ஹாலில், கோட்டு. வேர்வை முதுகில் ஓடும், முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. பயிற்சியாளர்களோடு பேசக் கூடாது, பெற்றோரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. தெரிந்த பிள்ளை வந்து நின்று கையைத் தூக்கி வணக்கம் சொன்னால், நாமும் யாரோ போலக் கையைத் தூக்க வேண்டும். அவன் மகள் வெளியே என்னை அத்தை என்பாள், போட்டியில் மேடம் என்பாள். அந்த வித்தியாசத்தை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவளே பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வேலை இரண்டு பிரிவு. ஒரு மேசையில் இருப்பவர்கள் அந்தப் பிள்ளை என்னென்ன செய்தாள் என்று கூட்டுவார்கள். இன்னொரு வரிசையில் இருப்பவர்கள் எப்படிச் செய்தாள் என்று கழிப்பார்கள். கால் மடங்கினால் கழி, தடுமாறினால் கழி. நான் பெரும்பாலும் கூட்டும் மேசை. ஒவ்வொரு சாகசத்துக்கும் ஒரு கிறுக்கல் குறி இருக்கிறது. பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போதே, காகிதத்தைப் பார்க்காமல், கண்ணை அவள் மேலேயே வைத்து அந்தக் குறிகளை எழுதிக்கொண்டே போக வேண்டும். கண் இமைக்கிற நேரத்தில் ஒரு சுற்று முடிந்துபோகும். கம்பெனியில் சந்தேகம் வந்தால் உருப்படியை மறுபடி கேஜில் போட்டுப் பார்க்கலாம். இங்கே பிள்ளையை மறுபடி சுற்றச் சொல்ல முடியாது.

போட்டி இல்லாத மாதங்களில் அவன் ஆட்டோவில் ஏறுவேன். முன் சீட்டில் அவன் பக்கத்திலேயே இடம் போட்டுத் தருவான். வண்டி செக்போஸ்ட் தாண்டுவதற்குள் கேள்வி ஆரம்பித்துவிடும். போனில் வெளிநாட்டுப் போட்டி எல்லாம் பார்ப்பான். அவனுக்கு ஆட்டம் பார்ப்பதைவிட மார்க் பார்ப்பதில்தான் ருசி. "அந்த பொண்ணு சூப்பரா பண்ச்சி, இன்னாத்துக்குக்கா கொறச்சல்?" என்பான். நான் சொல்வேன். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். பின்னால் இருக்கும் காய்கறிக் கூடைக்காரம்மா, "உங்க பஞ்சாயத்தை நிறுத்திட்டு ரோட்டைப் பாருப்பா" என்று கத்தும்வரை போகும்.

ஒரு முறை உலகமே பார்த்த போட்டியில் ஒரு தகராறு நடந்தது. தரைப் பயிற்சியில் கடைசியாக ஆடிய பெண். மதிப்பெண் வந்ததும் அவளுடைய பயிற்சியாளர், ஒரு சாகசத்தைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள், பாருங்கள் என்று கேட்டார். நடுவர்கள் பார்த்தார்கள், ஏற்றினார்கள், அந்தப் பெண்ணுக்கு வெண்கலம் வந்தது. கழுத்தில் மாட்டியும் விட்டார்கள். பிறகு வேறொரு தரப்பு, அந்தப் பயிற்சியாளர் கெடுவுக்குள் கேட்கவில்லை, சில விநாடி தாமதம் என்று வழக்குப் போட்டது. மெடலைத் திரும்பக் கேட்டார்கள். தாமதமில்லை என்று இந்தப் பக்கம் வீடியோ காட்டினார்கள். எந்தக் கடிகாரம் சரி என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு அன்றெல்லாம் ஒரே ஆத்திரம். அவள் ஆட்டம் ஆட்டம்தான், கேட்டவர் எந்த விநாடியில் கேட்டால் என்ன? ஆட்டோவில் ஏறியதும் கொட்டித் தீர்த்தேன்.

"இன்னாக்கா இது, அநியாயமா கீது! கய்த்துல மாட்டிட்டு கய்ட்டுன்றாங்களா?" என்றான்.

"அதுதான் விதி. மார்க் போர்டுல வந்ததும் உடனே கேட்டுடணும். அடுத்த புள்ளையோட மார்க் வந்துட்டா அப்புறம் கேட்க முடியாது. கடைசியா ஆடினவளுக்கு அடுத்த புள்ளை கிடையாது, அதனால ஒரே நிமிஷம்தான்."

"லேட்டா கேட்டா?"

"போச்சு."

"நெசமாவே செஞ்சிருந்தாலும்?"

"நெசமாவே செஞ்சிருந்தாலும் போச்சுப்பா."

 வண்டி ஏரிக்கரை திரும்பும்வரை வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே வந்தான். அவன் மனசில் அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த வருடம் மாநில ஜூனியர் அணிக்குத் தேர்வு. ஆறு பேருக்கு இடம். நசரத்பேட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்தில் நடந்தது. அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அந்த ஆறு பேரில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வேண்டாம், கையில் பட்டுவிடும் என்று ஒதுங்கி நின்றவள். அவள் அப்பன் வண்டியின் முன் கண்ணாடியில் சாமி படத்துக்குக் கீழே அவள் பீம் மேல் நிற்கும் படத்தை ஒட்டியிருந்தான்.

வால்ட், பார், பீம் என்று கருவிகள் மேல் செய்யும் மூன்றும் அவளுக்கு நன்றாகவே போயின. தரைப் பயிற்சி கடைசி. கூட்டும் மேசையில் நானும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த நடுவரும். அவள் வந்து நின்று கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். பாட்டு ஆரம்பித்தது. ஓடிப் பாய்ந்தாள், சுழன்றாள், இறங்கினாள். நடுவில் ஒற்றைக் காலில் எழும்பி இரண்டு சுற்று. என் கை எழுதியது: இரண்டு சுற்று. பக்கத்தில் இருந்தவர் கையும் அதையே எழுதியது. பிறகு ஒரு லீப், காலை விரித்துக் காற்றில் திரும்பும் லீப். கால் போதுமான அளவு விரியவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு பேர் எழுதியதும் ஒத்துப்போனது. மதிப்பெண் பலகையில் ஏறியது.

பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மாஸ்டர்! கொறச்சல்! ரெண்டு பாயின்ட் கொறச்சல்! கேளு மாஸ்டர், டைம் பூடும்!"

எனக்குத் திக்கென்றது. யார் குரல் என்று திரும்பிப் பார்க்கத் தேவையேயில்லை. ஒரு மதிப்பெண்ணில் பத்தில் இரண்டு பங்கை இரண்டு பாயின்ட் என்பது அவன் வழக்கம். ஹாலில் அவளுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் போட்டுவைத்திருந்த கணக்கை அவன் மனப்பாடம் செய்திருந்தான், பலகையில் வந்தது அதைவிடக் குறைவு. கம்பியைப் பிடித்து முக்கால் உடம்பை வெளியே தொங்கவிட்டு, "கேளு மாஸ்டர், கேளு கேளு!" என்று அடித் தொண்டையில் கத்தினான். அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு நடந்தது தன் மகளுக்கு நடந்துவிடக் கூடாது என்ற பயம் அதில் இருந்தது.

மாஸ்டர் இளைஞர். தயங்கினார். அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்வது தெரிந்தது. பதற்றத்தில் அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மாடத்தில் குரல் இன்னும் ஏறியது. மாஸ்டர் அவள் கையை விலக்கிவிட்டு எங்களிடம் நடந்துவந்தார். லீப்பைப் பார்க்கச் சொல்லிக் கேட்டார்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பாருங்கள் என்று கேட்டால் மதிப்பெண் ஏறலாம், அப்படியே நிற்கலாம், இறங்கவும் செய்யலாம். கேட்டதை மட்டும் பார்க்க வேண்டும் என்று கிடையாது, ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டுச் சரியானதைப் போட வேண்டும். அதை நான் ஆட்டோவில் சொல்லவில்லை. தாமதமானதைப் பற்றித்தான் அன்று ஆத்திரமே.

அந்த முறை ஒரு கேமரா வைத்திருந்தார்கள். கோயம்புத்தூர் அம்மா வீடியோவை ஓட்டினார். லீப் வந்தது. நிறுத்தினார். கால் விரியவில்லை, நாங்கள் சேர்க்காதது சரி. "பழைய மார்க்கே இருக்கட்டுங்க" என்று மூடப்போனார். லீப்பைத் தேடி வேகமாக ஓட்டும்போது இடையில் அந்தச் சுற்று என் கண்ணில் பட்டுவிட்டது. குதிகால்.

ஒற்றைக் காலில் சுற்றும்போது குதிகால் மேலே இருக்கும்வரைதான் சுற்று. அது தரையில் இறங்கிய கணம் சுற்று முடிந்தது. அதன் பிறகு தோளும் கையும் எவ்வளவு திரும்பினாலும் அது கணக்கில் வராது. பிள்ளைகள் வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. மிச்சத்தைத் தோள் தானாக முடித்துவைத்துவிடும், பார்க்கிறவர் கண்ணும் தோளோடு சேர்ந்து முழுசாகப் போய்விடும். அன்று என் கண் அப்படித்தான் போயிருந்தது.

"மேடம், கொஞ்சம் பின்னாடி போங்க. அந்த டர்னைப் பார்க்கணும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதை யாரும் கேக்கலீங்களே."

"கேக்கலைன்னாலும் பார்க்கணும்தானே?"

அவர் மறுபடி வீடியோவைத் திறந்தார். பின்னால் ஓட்டி நிறுத்தினார். குதிகால் எங்கே இறங்கியது என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் கால்வாசி பாக்கி. இரண்டு சுற்று என்று எழுதியது ஒன்றாகிவிடும். பத்தில் ஒரு பங்கு போகும். "உங்க பக்கத்துப் புள்ளைங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஆமா" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மாற்றி எழுதினார்.

பலகையில் எண் மாறியது. இறங்கியது.  பிறகு, "ஏய்! கேட்டத்துக்கா கொறைக்கிறீங்க? கேட்டத்துக்கு தண்டனையா?" என்று அவன் கத்தினான், கூட இருந்தவர்களும் கூச்சல் போட்டார்கள். நான் குனிந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுக்குள் உடம்பு கொதித்தது. அவள் சுவரோரம் உட்கார்ந்து மணிக்கட்டில் சுற்றியிருந்த டேப்பை உரித்துக்கொண்டிருந்தாள். பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மொத்தத்தைக் கூட்டும் வேலை எங்களுடையது அல்ல. சாயங்காலம் பட்டியல் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, அவள் ஏழாவது. ஆறாவது வந்த சேலத்துப் பெண்ணுக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது அந்தப் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் அணியில் இருந்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அழுதேன். என் கணவர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். "தப்பா எதுவும் எழுதிட்டியா?" என்று கேட்டார். "இல்ல, சரியாத்தான் எழுதினேன்" என்றேன். "அப்போ ஏன் அழுத?" என்றார்.  அன்று மட்டும் அவர் கிண்டல் பண்ணவில்லை.

அதன் பிறகு அவன் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்துவதில்லை. போட்டிக் காலம் முடிந்தும் நான் நடந்தே போனேன். ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று காய்கறிக் கூடைக்காரம்மா வந்து சொன்னார். ஜட்ஜுங்க எல்லாம் ஒரு செட்டாம். வாயைத் திறந்து கேட்டால் மார்க்கைப் பிடுங்குவார்களாம். வெள்ளானூர்ப் பிள்ளை என்றால் இளக்காரமாம். அந்தச் சுற்றைப் பார்க்கச் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியாது. மேசையில் பேசியதை வெளியே சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது, நானும் சொல்லவில்லை.

இதெல்லாம் போகட்டும். பிள்ளை ஹாலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாஸ்டர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். "வரும் சார், வரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினானாம். எட்டாவதோடு நிறுத்திய பிள்ளைகளை எனக்கு நிறையத் தெரியும், யாரும் திரும்ப வந்ததில்லை.

அந்த நாட்களில் பழைய தகராறுகளையெல்லாம் மனசு தானாகத் தோண்டிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு முறை, ஒருவனுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது என்று அரங்கமே எழுந்து நின்று ஊளையிட்டது. விடாமல் கத்தினார்கள். நடுவர்கள் மிரண்டுபோய் ஏற்றிப் போட்டார்கள். அப்போதும் கத்தல் நிற்கவில்லை, கடைசியில் அந்த ஆட்டக்காரனே எழுந்துவந்து கூட்டத்தைக் கையமர்த்த வேண்டியிருந்தது. சின்ன வயதில் அதைக் கேள்விப்பட்டபோது அந்த நடுவர்களை நான் கேவலமாக நினைத்தேன். இப்போது யோசித்தால், ஏற்றியது தப்பா, முதலில் குறைத்தது தப்பா என்றே எனக்குத் தெரியவில்லை. சத்தத்துக்குப் பயந்து மாற்றினால் கோழை. கண்ணில் பட்ட பிறகும் மாற்றாமல் இருந்தால் அந்த நடுவருக்குப் பேர் என்ன? அந்தச் சேலத்துப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். அவளும் பட்டாசைத் தொடாமல் இருந்தவளாகத்தான் இருப்பாள். அவள் அப்பா மாடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதற்காக அவள் இடத்தை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்க முடியுமா? முடியாது. இத்தனையும் தெளிவாகத் தெரிந்தும், அவன் மகள் முகம் கறுத்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. போட்டி இல்லாத நாட்களில் ஹாலுக்குப் போய் மாறிய விதிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அன்று போனபோது ஓரத்து மெத்தையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள். வாசலில் ஆட்டோச் சாவியை விரலில் சுழற்றியபடி அவன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் எழுந்து என்னிடம் வந்தாள். "மேடம், ஒரு டர்ன் பார்த்துச் சொல்றீங்களா? முழுசா வருதான்னு."

அத்தை இல்லை. மேடம். சுருக்கென்றது.

"செய்" என்றேன்.

மூச்சை இழுத்து, கையைத் தூக்கி, ஒற்றைக் காலில் எழும்பிச் சுற்றினாள். நின்று என்னைப் பார்த்தாள். வாசலில் சாவி சத்தம் நின்றுவிட்டது.

"வரல. கால்வாசி முன்னாடியே குதிகால் இறங்கிடுச்சு."

அவள் தலையாட்டினாள். "அன்னிக்கும் அங்கதான் இறங்குச்சு."

"எந்த அன்னிக்கி?" அவன் உள்ளே வந்துவிட்டான்.

"செலக்‌ஷன் அன்னிக்குப்பா. டர்ன் முழுசா வரல. எனக்கு அப்பவே தெரியும். கால்ல தெரிஞ்சிடும்."

"தெர்யுமா? தெர்ஞ்சிகினா கம்னு கீற இத்தினி மாசமா?"

"மாஸ்டர் சட்டையப் புடிச்சு இழுத்தேன்ப்பா. கேக்க வேணாம், இருக்கறதே ஜாஸ்தின்னு சொன்னேன். நீ மேலேர்ந்து கேளு கேளுன்னு கத்திகினே இருந்த. அவரு போய்ட்டாரு."

அவன் குனிந்து அவள் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "லேட்டா கேட்டா பூடும்னு நீதானக்கா சொன்ன?"

"சொன்னேன். கேட்டா குறையவும் குறையும்னு சொல்லல. அது என் தப்புதான்னு வெச்சுக்கோ." இனி மறைத்து வைப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. வழக்கமாவது மண்ணாவது. "அன்னிக்கு அந்த டர்னைப் பாருங்கன்னு சொன்னதும் நான்தான். வேற யாரும் கவனிக்கல."

அவன் முகம் மாறியது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்றுகூடத் தயாராகிவிட்டேன். அவன் குரலை உயர்த்தவேயில்லை.

"சரிக்கா. மொதல்ல அத்த முழுசுன்னு எய்தனது யாரு?"

"ரெண்டு பேரும் எழுதினோம். நானும்தான்."

"கொறச்சத்துக்கு நானு உன்ன கேக்க மாட்டேன். வர்லன்னா வர்லதான், கொயந்தையே சொல்லுது. ஆனா மொதல்ல குட்த்தியே, அத்த ஏன் குட்த்த? அந்த மொதோ மார்க்க வெச்சி ஊட்ல டெய்லி கூட்டிகினே கீறேன் நானு. அது இர்ந்தா ஆறாவுது, அது இர்ந்தா ஆறாவுதுன்னு. ஒயுங்கா பாத்து, வராததுக்கு வர்லன்னு அப்பவே போட்டிருந்தா, ஏயாவுதுன்னு ஊட்டுக்கு வந்து கொயம்பு சோறு துன்ட்டு படுத்திருப்போம்."

நான் அதை அப்படி யோசித்ததேயில்லை. இத்தனை மாதம் நான் குறைத்ததைப் பற்றியே மாய்ந்துகொண்டிருந்தேன், கொடுத்ததைப் பற்றி ஒரு நாள்கூட நினைக்கவில்லை. அந்த வெளிநாட்டுப் பெண்ணும் மெடலைக் கழற்றச் சொன்னதற்கா அழுதாள், மாட்டிவிட்டதற்கா? தெரியவில்லை.  "தப்புதான்" என்று மட்டும் சொன்னேன். அவன் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"வுடு. நேரமாச்சி, ஏறு, ஊட்ல வுட்டுர்றேன்" என்றான்.

"அடுத்த மாசம் செலக்‌ஷன் இருக்கு. உன் வண்டியில ஏற மாட்டேன்."

"அட ஆமா. ஏறாத, ஏறாத. நடந்தே போ" என்று அவசரமாகச் சொன்னான். அவனுக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம்" என்று அவள் கூப்பிட்டாள். மறுபடியும் மெத்தையின் நடுவில் போய் நின்றிருந்தாள். "இன்னொரு வாட்டி பாருங்க."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறினேன். முட்டி இரண்டும் முறுக்கிக்கொண்டு வலித்தன. மண்டியிட்டு, கையை ஊன்றி, கன்னம் கிட்டத்தட்ட மெத்தையைத் தொடும் அளவுக்குக் குனிந்து, அவள் குதிகாலுக்கு நேராகக் கண்ணை வைத்தேன். தோளையோ முகத்தையோ பார்க்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் எழும்பினாள். குதிகால் மேலே போனது, ஒரு சுற்று, அடுத்த சுற்றில் முக்காலைத் தாண்டியது, இன்னும் கொஞ்சம், இன்னும் துளி இருந்தது. இறங்கிவிட்டது.

"வரல" என்றேன்.

 பின்னாலிருந்து அவன் கேட்டான். "நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சர்தான்" என்றான்.